போட்டோமக் கரையோரம் 297 கிலோமீட்டர்: சி அண்ட் ஓ கால்வாய்ப் பாதையில் சைக்கிள் பயணம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வாஷிங்டன் நகரைச் சுற்றி வாழும் தமிழர்களில் பலர் இந்தப் பாதையின் முதல் இருபது கிலோமீட்டரை மட்டும் அறிவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரேட் ஃபால்ஸ் அருவி வரை போய்த் திரும்பியிருப்பார்கள். அதற்கு மேலும் பாதை போகிறது, மலைகளுக்குள் நுழைந்து ஒரு பழைய நிலக்கரி ஊர் வரை போகிறது என்று சொன்னால், கேள்விகள் தொடங்கிவிடும். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது என்ன பாதை? எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

செசபீக்–ஒகையோ கால்வாய் என்பது முழுப் பெயர். எல்லோரும் சி அண்ட் ஓ என்றே சொல்கிறார்கள். வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியில் தொடங்கி, போட்டோமக் ஆற்றின் மேரிலாந்துக் கரையை ஒட்டியே சென்று, கம்பர்லாந்து என்ற ஊரில் முடிகிறது. நீளம் 184.5 மைல், அதாவது 297 கிலோமீட்டர். கால்வாயில் படகுகள் ஓடிய காலத்தில் கோவேறு கழுதைகள் கரையில் நடந்தபடி கயிற்றால் அவற்றை இழுத்துச் சென்றன. அந்தக் கழுதைகள் நடந்த கரைப்பாதையில்தான் இன்று நாம் சைக்கிள் ஓட்டுகிறோம். மைல் கற்கள் ஜார்ஜ்டவுனிலிருந்து எண்ணப்படுகின்றன. வரைபடம், தங்குமிடம், உள்ளூர்க்காரர் வழி சொல்வது எல்லாமே மைல் கணக்குதான் என்பதால், கிலோமீட்டர் பழக்கத்தைச் சில நாட்களுக்கு ஒதுக்கிவைப்பது நல்லது.

இவ்வளவு பெரிய கால்வாயைக் கட்டிவிட்டு ஏன் கைவிட்டார்கள்?

தொடங்கிய நாளிலேயே அதன் எதிரியும் பிறந்துவிட்டதுதான் காரணம். 1828 ஜூலை 4 அன்று அதிபர் ஜான் குயின்சி ஆடம்ஸ் மண்வெட்டியுடன் வந்து கால்வாய்க்கு முதல் மண்ணை வெட்டினார். வெட்டிய இடத்தில் வேர் தட்டியது. மேலங்கியைக் கழற்றிவிட்டு மீண்டும் ஓங்கி வெட்டினார், கூட்டம் ஆரவாரித்தது. அதே நாளில் பால்டிமோரில் பால்டிமோர்–ஒகையோ ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். இரண்டும் ஒரே இலக்கை நோக்கிப் புறப்பட்டன: மலைகளைத் தாண்டி ஒகையோ ஆற்றுப் பள்ளத்தாக்கை அடைந்து, மேற்கின் வணிகத்தைக் கிழக்குக் கடற்கரைக்குக் கொண்டுவருவது.

பாயிண்ட் ஆஃப் ராக்ஸ் என்ற இடத்தில் மலைக்கும் ஆற்றுக்கும் இடையே குறுகலான ஒரு கீற்று நிலம்தான் உண்டு. அது யாருக்கு என்று இரு கம்பெனிகளும் நீதிமன்றம் போயின. 1832இல் கால்வாய் வழக்கில் வென்றது. வென்று என்ன பயன்? 1842இல் ரயில் கம்பர்லாந்தை அடைந்துவிட்டது. கால்வாய் அங்கே போய்ச் சேரும்போது 1850 ஆகிவிட்டது. ஒகையோ வரை போகும் திட்டம் அத்தோடு நின்றது. பெயரில் மட்டும் ஒகையோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதன் பிறகும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் நிலக்கரி ஏற்றிய படகுகள் ஓடின. 1870களில் வியாபாரம் நன்றாகவே நடந்தது. 1889 வெள்ளம் கம்பெனியை முறித்தது. நிர்வாகம் ரயில் கம்பெனியின் கைக்கே போனது. 1924இல் இன்னொரு வெள்ளம் வந்தபோது பழுது பார்க்க யாரும் முன்வரவில்லை. 1938இல் அமெரிக்க அரசு 20 லட்சம் டாலருக்கு முழுக் கால்வாயையும் வாங்கியது.

கட்டியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்த கூலியாட்கள். 1832இல் முகாம்களில் காலரா புகுந்து பலரைக் கொன்றது. 1834 ஜனவரியில் வில்லியம்ஸ்போர்ட் அருகே தொழிலாளர்களிடையே கலகம் மூண்டபோது அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் ராணுவத்தை அனுப்பினார். ஒரு தொழிலாளர் தகராறில் அமெரிக்க மத்திய அரசின் படை இறங்கியது அதுவே முதல் தடவை. படகுகளை ஏற்றி இறக்கக் கட்டிய லாக் என்ற தொட்டிகளின் சுவர்களில் கல் இழைத்த நேர்த்தியைப் பார்த்து வியப்பவர்கள் இதையும் சேர்த்து அறிந்திருப்பது நல்லது.

அப்புறம் எப்படி இது பூங்கா ஆனது?

நெடுஞ்சாலை ஆகியிருக்க வேண்டியது. 1950களில் கால்வாய்த் தடத்தின் மேல் கார்ச் சாலை போடத் திட்டமிட்டார்கள். வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954 ஜனவரியில் பதில் கடிதம் எழுதினார்: ஆசிரியர்களே, என்னோடு முழுப் பாதையும் நடந்து பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள் என்று. அழைப்பை ஏற்றார்கள். மார்ச் மாதம் கம்பர்லாந்திலிருந்து சில டஜன் பேர் கிளம்பினார்கள். எட்டு நாள் கழித்து வாஷிங்டனுக்கு முழுத் தூரமும் நடந்து வந்து சேர்ந்தவர்கள் டக்ளஸ் உட்பட ஒன்பது பேர். நாளிதழ் தன் கருத்தை மாற்றிக்கொண்டது, சாலைத் திட்டம் மெல்லச் செத்தது. 1971இல் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

மேடு பள்ளம் அதிகமா? எனக்குப் பயிற்சி போதாது.

மேடே இல்லை என்று சொல்லலாம். 297 கிலோமீட்டருக்கும் சேர்த்து ஏற்றம் 605 அடி, ஏறத்தாழ 184 மீட்டர். அந்த ஏற்றமும் 74 லாக்குகளில் பங்கு போடப்பட்டிருக்கிறது. லாக் என்பது இரு பக்கமும் கதவு வைத்த கல் தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவை மூடி, தண்ணீரை நிரப்பினால் படகு மேல் மட்டத்துக்கு ஏறும், வடித்தால் கீழே இறங்கும். ஒவ்வொரு லாக்கின் பக்கத்திலும் பாதை சுமார் எட்டு அடி உயரும். வேகமாக நாலு மிதி மிதித்தால் ஏறிவிடலாம்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. மேடு இல்லையென்றால் இறக்கமும் இல்லை. காலுக்கு ஓய்வே கிடைக்காமல் நாள் முழுவதும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். உட்காரும் இடமும் உள்ளங்கையும்தான் முதலில் வலிக்கும், தொடை அல்ல. பயிற்சி எடுப்பவர்கள் மலை ஏறிப் பழக வேண்டாம். தொடர்ந்து நான்கு மணி நேரம் சீட்டில் உட்கார்ந்து பழகினால் போதும். இரண்டு நாள் அடுத்தடுத்து அப்படி ஓட்டிப் பார்த்துவிட்டால், ஐந்து நாளும் முடியும்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

ஐந்து. மூன்று நாளில் முடித்தேன், இரண்டு நாளில் முடித்தேன் என்பவர்கள் இருக்கிறார்கள், முடியாத காரியமும் அல்ல. ஆனால் தார்ச்சாலையில் நீங்கள் போகும் வேகத்தை இங்கே கணக்கில் வைக்காதீர்கள். வேர், சரளைக்கல், சேறு, சுமை எல்லாம் சேர்ந்து சராசரியை மணிக்கு 12 அல்லது 13 கிலோமீட்டருக்கு இறக்கிவிடும். அந்த வேகத்தில் நூறு கிலோமீட்டர் என்றால் காலை முதல் மாலை வரை சைக்கிளிலேயே கழியும். வழியில், ஆற்றின் மேல் கால்வாயைத் தாங்கும் ஒரு தொட்டிப்பாலத்தின் கீழே இறங்கி நின்று பார்க்கவும் நேரமிருக்காது. அப்படியானால் உங்கள் ஊர்ப் பூங்காவையே சுற்றி வரலாம்.

கம்பர்லாந்திலிருந்து வந்தால் எனக்குப் பிடித்த பிரிப்பு இது. முதல் நாள் லிட்டில் ஆர்லியன்ஸ் வரை, 70 கிலோமீட்டர். இரண்டாம் நாள் வில்லியம்ஸ்போர்ட், 66. மூன்றாம் நாள் ஹார்ப்பர்ஸ் ஃபெரி, 63. நான்காம் நாள் எட்வர்ட்ஸ் ஃபெரி வரை 48 கிலோமீட்டர்தான், ஏனென்றால் காலையில் ஹார்ப்பர்ஸ் ஃபெரியைச் சுற்றிப் பார்க்க வேண்டும். கடைசி நாள் 50.

எந்தத் திசையில் போவது நல்லது?

கம்பர்லாந்திலிருந்து வாஷிங்டனுக்கு. இறக்கம் என்பதற்காக அல்ல. இவ்வளவு தூரத்தில் 184 மீட்டர் இறக்கம் காலுக்குத் தெரியவே தெரியாது. கடை கண்ணி குறைந்த, ஆள் நடமாட்டம் அற்ற மேற்குப் பகுதியைப் புத்துணர்ச்சியோடு கடந்துவிடலாம் என்பதே காரணம். சாமான் தீரத் தீர ஊர்கள் நெருங்கி வரும். கடைசி நாள் ஏதாவது உடைந்தாலும் நகரம் பக்கத்தில் இருக்கும், சைக்கிள் கடையும் இருக்கும். வாஷிங்டன்வாசிகள் வீட்டு வாசலிலிருந்து கிளம்பும் சுகத்துக்காக எதிர்த்திசையில் போகிறார்கள். அதிலும் தவறில்லை. ஆனால் திரும்பி வரும் ரயில் தாமதமானால் கம்பர்லாந்து நிலையத்தில் களைத்துப் போய்க் காத்திருக்க நேரும்.

கம்பர்லாந்துக்கு சைக்கிளோடு எப்படிப் போவது?

ஆம்ட்ராக் ரயில். வாஷிங்டன் யூனியன் நிலையத்தில் மாலையில் ஏறினால் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குக் கம்பர்லாந்தில் இறங்கலாம். பல ஆண்டுகளாக இந்தத் தடத்தில் கேபிட்டல் லிமிடெட் என்ற ரயில் ஓடியது. 2024 நவம்பரிலிருந்து ஃபுளோரிடியன் என்ற பெயரில் சிகாகோவையும் மயாமியையும் இணைக்கும் ரயிலாக ஓடுகிறது. சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடைக்க வேண்டியதில்லை, அப்படியே தள்ளிக்கொண்டு போய் ஏற்றலாம். ஆனால் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் வேண்டும். இடங்கள் குறைவு, அக்டோபர் வார இறுதிகளில் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆள் டிக்கெட்டை வாங்குமுன் சைக்கிள் டிக்கெட் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

ரயில் கிடைக்காவிட்டால், சைக்கிளையும் ஆளையும் ஏற்றிச் செல்லும் வேன்காரர்கள் உண்டு. நான்கைந்து பேர் சேர்ந்து போனால் கட்டணம் தாங்கும்.

எந்த மாதம்?

ஏப்ரல் இறுதி முதல் ஜூன் நடுப்பகுதி வரை, அல்லது செப்டம்பர் நடுப்பகுதி முதல் அக்டோபர் இறுதி வரை. என் ஓட்டு அக்டோபருக்கு: கொசு குறைந்துவிடும், பாதை காய்ந்திருக்கும், மேற்கு மலைகளில் இலை நிறம் மாறியிருக்கும். ஜூலை, ஆகஸ்ட் புழுக்கம் சென்னைக்காரரையும் சோதிக்கும். மர நிழல் இருக்கிறது, காற்று இல்லை. குளிர்காலத்தில் குடிநீர்ப் பம்புகளை மூடிவிடுவார்கள்.

எந்த சைக்கிள் வேண்டும்? சாலை சைக்கிள் போதுமா?

மெல்லிய டயர் போட்ட பந்தய சைக்கிள் வேண்டாம். 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர், 40 என்றால் இன்னும் நிம்மதி. கிராவல் சைக்கிள், ஹைபிரிட், பழைய மலை சைக்கிள் எதுவும் ஓடும். ஷாக் அப்சார்பர் தேவையில்லை. கைப்பிடிக்குத் தடித்த உறையும், பழகிய சீட்டும் அதைவிட முக்கியம். புதுச் சீட்டை இந்தப் பயணத்தில் அறிமுகப்படுத்தாதீர்கள்.

விலை உயர்ந்த சைக்கிளைவிட இறுக்கமான கேரியர் திருகுகள் உங்களைக் காப்பாற்றும். நாள் முழுதும் சின்னச் சின்ன அதிர்வு என்பதால் திருகுகள் தளர்ந்துகொண்டே வரும். கூடாரம் அடித்ததும் ஒருமுறை எல்லாத் திருகையும் முடுக்கிவிடுங்கள். உபரி டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், பம்பு, செயின் கழற்றும் கருவி, செயினுக்கு எண்ணெய், பிரேக் கட்டை ஒரு ஜோடி. இவ்வளவும் இருந்தால் போதும்.

மழை பெய்தால் என்ன ஆகும்?

இந்தப் பயணத்தில் பதில் நீளமாக வேண்டிய கேள்வி இதுதான்.

பாதையின் அடிப்படை களிமண். தண்ணீர் கசியாமல் இருக்கக் கால்வாய்க்கே களிமண்தான் பூசினார்கள், கரையும் அதே மண்ணால் ஆனது. சமீப ஆண்டுகளில் பல மைல்களுக்குக் கல்தூள் போட்டுச் சமன்படுத்தியிருக்கிறார்கள். அங்கெல்லாம் மழை விட்டதும் ஓட்டலாம். மற்ற இடங்களில் இரண்டு சக்கரத்தடங்களும் குட்டையாகி, நடுவில் புல் மேடு மட்டும் மிஞ்சும். மரக்கூரை அடர்ந்த இடங்களில் மழை நின்று இரண்டு நாள் ஆனாலும் சேறு காயாது.

சேற்றில் வேகம் பாதியாகும், களைப்பு இரட்டிப்பாகும். மட்கார்டு வேண்டும், ஆனால் டயரோடு ஒட்டி நிற்கும் மட்கார்டு ஆபத்து: இடையில் களிமண் அடைத்துச் சக்கரமே சுற்றாமல் நின்றுவிடும். விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். குட்டைகளைச் சுற்றிப் போக ஓரத்தில் ஏறாதீர்கள், ஒரு பக்கம் ஆற்றுக்குச் சரிவு, மறுபக்கம் கால்வாய்க்குச் சரிவு. நிதானமாக நடுக்குட்டையிலேயே நேராக ஓட்டுங்கள்.

மேற்குப் பகுதியில் ஒரு தப்பிக்கும் வழி உண்டு. வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில் தடம் என்ற தார்ப்பாதை லிட்டில் ஆர்லியன்ஸிலிருந்து ஹேன்காக் ஊர் வழியாக பிக் பூல் வரை கால்வாய்க்கு இணையாகவே ஓடுகிறது. ஏறத்தாழ 45 கிலோமீட்டர். மழை நாளில் எல்லோரும் அதற்கு மாறிவிடுவார்கள். அதைக் குறுக்குவழி என்று குறை சொல்லும் தூய்மைவாதிகளைச் சேற்றில் விட்டுவிட்டு நீங்கள் போகலாம்.

தூறல் வேறு, வெள்ளம் வேறு. போட்டோமக் பொங்கினால் பாதையே மூழ்கும். 1996இல் ஜனவரியிலும் செப்டம்பரிலுமாக ஒரே ஆண்டில் இரண்டு பெருவெள்ளம் வந்து கரைகளைப் பெயர்த்தன. ஆற்றின் மேல்பகுதியில் பெய்த மழை உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும் நாளிலும் வந்து சேரும். கிளம்பும் வாரத்தில் பூங்கா நிர்வாகம் வெளியிடும் பாதை மூடல் அறிவிப்புகளைப் பார்த்துவிடுங்கள். இது பழைய கட்டுமானம், எங்காவது ஒரு பகுதியில் பழுதுபார்ப்பு நடந்துகொண்டேதான் இருக்கும்.

இரவு எங்கே தங்குவது?

மூன்று வழிகள். முதலாவது, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்றே அமைத்த கூடாரத் தலங்கள். சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒன்று வருகிறது. கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, முதலில் வந்தவருக்கு முதலிடம், ஒரு தலத்தில் ஓர் இரவுதான். ஒரு மேசை, நெருப்பு மூட்டும் வளையம், தற்காலிகக் கழிப்பறை, அடிபம்பு இருக்கும். இடம் நிறைந்திருந்தாலும் யாரும் விரட்ட மாட்டார்கள், கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். ஒரு விஷயம் மட்டும்: ஆற்றின் மறுகரையிலோ இந்தக் கரையிலோ ரயில் தடம் அருகிலேயே ஓடுகிறது. சரக்கு ரயில்கள் இரவெல்லாம் கூவிக்கொண்டு போகும். காதுப் பஞ்சு கொண்டுபோங்கள்.

இரண்டாவது, கரையோர ஊர்களில் விடுதிகள், வீட்டு அறைகள். ஹேன்காக், வில்லியம்ஸ்போர்ட், ஷெப்பர்ட்ஸ்டவுன், ஹார்ப்பர்ஸ் ஃபெரி, பிரன்ஸ்விக் ஆகியவற்றில் கிடைக்கும்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. லாக்கைத் திறந்து மூடியவர் குடும்பத்தோடு வாழ்ந்த சிறு வீடுகளில் சிலவற்றைப் புதுப்பித்து வாடகைக்கு விடுகிறார்கள். சி அண்ட் ஓ கால்வாய் அறக்கட்டளை நடத்துகிறது. சிலவற்றில் மின்சாரமோ குழாய்த் தண்ணீரோ கிடையாது. எட்வர்ட்ஸ் ஃபெரியில் உள்ள 25ஆம் எண் வீடு அப்படிப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 ஜூனில் கெட்டிஸ்பர்க் சண்டைக்கு முன் வடக்குப் படை மிதவைப் பாலங்கள் போட்டு ஆற்றைக் கடந்தது அங்கேதான். மாதக்கணக்கில் முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும்.

குடிநீர் கிடைக்குமா?

கூடாரத் தலங்களின் அடிபம்புகளில் கிடைக்கும், ஏறக்குறைய ஏப்ரல் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை. அடிக்கடி தண்ணீரைச் சோதிக்கிறார்கள். தேறாத பம்பின் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிடுவார்கள். கைப்பிடி இல்லாத பம்பைப் பார்த்து யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு பம்புகள் இப்படி ஏமாற்றக்கூடும் என்று எண்ணி, ஆளுக்கு மூன்று லிட்டர் கையில் வைத்திருங்கள். ஆற்று நீரையும் கால்வாய் நீரையும் நம்ப வேண்டாம், மேலே வயல்களின் உரமெல்லாம் வடிவது அதில்தான்.

சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

மேற்குப் பாதியில் உணவகம் என்றால் பொரித்ததும் மாமிசமும்தான். கம்பர்லாந்துக்கும் ஹேன்காக்குக்கும் இடையே கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர், நடுவில் கையளவு கடைகள், அவையும் திங்கள் செவ்வாயில் மூடியிருக்கலாம். ஆகவே முதல் இரண்டு நாளுக்கு எல்லாவற்றையும் சுமந்து போவதாகத் திட்டமிடுங்கள்.

புளியோதரை முதல் நாளுக்குத் தாங்கும், தயிர் சாதம் வெயிலில் தாங்காது. அதன் பிறகு அவல்தான் அரசன்: தண்ணீரில் நனைத்துப் பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் போட்டால் அடுப்பே வேண்டாம். வறுத்த ரவையில் கடுகு, கறிவேப்பிலை தாளித்துப் பொட்டலம் கட்டிக்கொண்டால் கொதிநீரில் பத்து நிமிடத்தில் உப்புமா. கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் மேல்பையில் இருக்கட்டும். அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை ரயிலிலோ விமானத்திலோ கொண்டுவரக்கூடாது, இறங்கிய ஊரில் வாங்க வேண்டும். ஷெப்பர்ட்ஸ்டவுன் கல்லூரி ஊர் என்பதால் அங்கே நாக்குக்கு விடுதலை கிடைக்கும்.

குப்பைத் தொட்டி பாதையில் கிடையாது. கொண்டுவந்ததன் உறையைத் திரும்பக் கொண்டுபோவது பூங்காவின் விதி.

பாவ் பாவ் சுரங்கம் பயமாக இருக்குமா?

155ஆவது மைலில் இருக்கிறது. நீளம் 3,118 அடி, அதாவது ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உள்ளே விளக்கு இல்லை. நடுவில் போய் நின்றால் இரண்டு வாயும் சின்ன வெளிச்சப் பொட்டுகளாகத் தெரியும். தரை மேடு பள்ளமாக, ஈரமாக இருக்கும். சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டே போங்கள். நெற்றி விளக்கு வேண்டும், கைபேசி வெளிச்சம் போதாது.

ஆறு இங்கே பாம்புபோல வளைந்து வளைந்து போகிறது. அந்த ஆறு மைல் வளைவைத் தவிர்க்க மலையைக் குடைந்தார்கள். 1836இல் வேலை தொடங்கியது. ஒப்பந்தக்காரரான லீ மான்ட்கோமரி என்ற பாதிரியார் இரண்டே ஆண்டில் முடிந்துவிடும் என்று கணக்கிட்டார். பதினான்கு ஆண்டுகள் ஆயின. உள்ளே ஏறத்தாழ 60 லட்சம் செங்கற்கள். சுவரைப் பார்த்துக்கொண்டே நடக்காமல் கைப்பிடி மரத்தைத் தடவிப் பாருங்கள், படகுக் கயிறு உரசி உரசி உண்டான பள்ளங்கள் கைக்குத் தட்டுப்படும்.

சுரங்கத்துக்குள் ஒரு படகுதான் போக முடியும். எதிரெதிராக வந்த இரண்டு படகுக்காரர்கள் நாள்கணக்கில் பின்வாங்க மறுத்தார்களாம். கடைசியில் கம்பெனி ஆட்கள் காற்று வரும் வாயில் சோளத்தட்டையைக் கொளுத்திப் புகை போட்டு விரட்டினார்கள் என்று கதை சொல்வார்கள். கதை எவ்வளவு உண்மையோ, படகுக்காரர்களின் குணத்துக்குப் பொருத்தம்தான்.

வேறு எங்கெல்லாம் கட்டாயம் நிற்க வேண்டும்?

பட்டியல் போட்டால் நீளும், எனக்கு முக்கியமானவற்றைச் சொல்கிறேன்.

மொனாக்கசி தொட்டிப்பாலம், 42ஆவது மைல். கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம்: ஆற்றுக்கு மேலே கால்வாயைத் தூக்கிச் செல்லும் பாலம். மாத்தூரில் போவது பாசன நீர், இங்கே நிலக்கரிப் படகே மிதந்து போனது. ஏழு வளைவுகள், 516 அடி நீளம், 1833இல் முடித்தது. உள்நாட்டுப் போரில் 1862இல் தெற்குப் படை இதை வெடிவைத்துத் தகர்க்க வந்து, கல்கட்டு அசையாததால் விட்டுப்போனது.

வில்லியம்ஸ்போர்ட்டில் உள்ள கானகாச்சீக் தொட்டிப்பாலத்தின் ஒரு பக்கச் சுவர் 1920இல் இடிந்து விழுந்தது. அதைச் சீரமைத்து 2019இல் மீண்டும் தண்ணீர் நிரப்பினார்கள். சுற்றுலாப் படகு தொட்டிப்பாலத்தின் மேல் போவதை அங்கே பார்க்கலாம்.

பிக் ஸ்லாக்வாட்டர், 85 முதல் 88 மைல் வரை. செங்குத்துப் பாறை ஆற்றோடு ஒட்டி நிற்பதால் இங்கே கால்வாய் வெட்டவே முடியவில்லை. நான்காம் எண் அணை தேக்கிய ஆற்று நீரிலேயே படகுகளை விட்டார்கள். வெள்ளங்கள் சிதைத்த பாதையை 2012இல் ஆற்றின் மேல் கான்கிரீட் நடைமேடையாகக் கட்டித் திறந்தார்கள். முழுப் பயணத்திலும் அழகான ஐந்து கிலோமீட்டர் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் ஷெனன்டோவா ஆறு போட்டோமக்கில் கலக்கிறது. அடிமை முறையை எதிர்த்து ஜான் பிரவுன் 1859இல் ஆயுதக்கிடங்கைத் தாக்கிய ஊர். ஊருக்குள் போக ரயில் பாலத்தை ஒட்டிய நடைபாதையில் ஏற வேண்டும். படிக்கட்டு வழியாகத்தான் ஏற முடியும். சுமை கட்டிய சைக்கிளைத் தூக்க ஒருவர் துணை இருந்தால் நல்லது, இல்லையென்றால் கீழே பூட்டிவிட்டுப் போகலாம்.

ஷார்ப்ஸ்பர்க் பக்கம் ஒதுங்கினால் ஆன்டீட்டம் போர்க்களம். 1862 செப்டம்பர் 17 அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 23,000 பேர் இறந்தோ காயமுற்றோ காணாமலோ போனார்கள். அரை நாள் ஒதுக்காமல் போகாதீர்கள், அவசரமாகப் பார்க்கும் இடம் அல்ல.

பாம்பு, கரடி, பூச்சி?

இந்த மூன்றில் பூச்சிக்குத்தான் பயப்பட வேண்டும். மான் உண்ணி லைம் நோயைப் பரப்பும். புல்லில் நடந்தபின் கணுக்கால், முழங்கால் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாம் ஒவ்வொரு மாலையும் தேடிப் பாருங்கள். கொசு விரட்டும் மருந்து கட்டாயம். பாய்சன் ஐவி என்ற கொடியில் மூன்று மூன்றாக இலை இருக்கும், தொட்டால் நாள்கணக்கில் அரிக்கும்.

கறுப்புக் கரடி மேற்குப் பக்கம் உண்டு. உணவைக் கூடாரத்துக்குள் வைக்காமல் மரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். காப்பர்ஹெட் என்ற விஷப்பாம்பு உண்டு. பாதையில் அடிக்கடி குறுக்கே கிடப்பது விஷமில்லாத கறுப்பு எலிப்பாம்பு. ஆமைகளோ எண்ணி மாளாது.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகிறார்கள். முகாமில் சந்திப்பவர்களில் தனியாக வரும் பெண்கள் குறைவில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று: சாலையிலிருந்து காரில் எளிதாக வந்துபோகக்கூடிய இடங்களைவிட, உள்ளே தள்ளி இருக்கும் கூடாரத் தலங்களில் வருவோரெல்லாம் உங்களைப் போன்ற பயணிகளாகவே இருப்பார்கள். வாஷிங்டனுக்கு அருகே உள்ள தலங்களைவிட நான் அவற்றையே தேர்வேன். ஹேன்காக்குக்கு மேற்கே பல இடங்களில் கைபேசி எடுக்காது. அன்றைய திட்டத்தையும் இரவுத் தலத்தின் பெயரையும் காலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இந்த அறிவுரை ஆண்களுக்கும் சேர்த்துத்தான்.

குழந்தைகளோடு?

முழுப் பயணம் வேண்டாம். ஹேன்காக் தார்ப்பாதையில் ஒரு நாள், வில்லியம்ஸ்போர்ட்டில் படகுச் சவாரி ஒரு நாள் என்று பிரித்துக் கூட்டிப்போங்கள். லாக்குகளின் ஓரத்தில் தடுப்புக் கிடையாது, ஆழம் உண்டு. கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

விதிகள் உண்டா?

வேகம் மணிக்கு 15 மைலுக்கு மேல் கூடாது. பெல் இருக்க வேண்டும். நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். நகரத்துக்குப் பக்கத்தில் சனி ஞாயிறுகளில் இந்த மூன்றும் தினம் சண்டைக்குக் காரணமாகின்றன. கிரேட் ஃபால்ஸில் காரில் வருவோருக்கும் நடந்தும் சைக்கிளிலும் நுழைவோருக்கும் நுழைவுக்கட்டணம் உண்டு, பாதையின் மற்ற பகுதிகள் இலவசம்.

செப்டம்பரில் வழியில் கிடக்கும் பச்சைப் பழம் என்ன?

பாவ் பாவ். சுரங்கத்துக்கும் பக்கத்து ஊருக்கும் பெயர் தந்த மரம். நம் சீத்தாப்பழத்தின் குடும்பம்தான், விதைகளைப் பார்த்தாலே தெரியும். மாம்பழமும் வாழைப்பழமும் கலந்த சுவை, மெத்தென்ற சதை. இரண்டு நாளில் கறுத்துவிடுவதால் கடைகளில் அரிது. தோலும் விதையும் உண்ணக்கூடாது. சிலருக்கு வயிற்றைக் கலக்கும், முதல் முறை கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

கம்பர்லாந்துக்கு அப்பாலும் போக முடியுமா?

முடியும். கால்வாயால் போக முடியாத இடத்துக்கு, கைவிடப்பட்ட ரயில் தடங்கள் வழியாகப் போகலாம். கிரேட் அலெகனி பாசேஜ் என்ற பாதை கம்பர்லாந்திலிருந்து பிட்ஸ்பர்க் வரை 150 மைல். 2013இல் முழுமை அடைந்தது. இரண்டையும் சேர்த்தால் ஏறத்தாழ 538 கிலோமீட்டர், எட்டு நாள் வையுங்கள். கல்தூள் போட்ட நல்ல பாதை, கால்வாய்ப் பாதையைவிட வேகமாக ஓடும். பிட்ஸ்பர்க்கிலிருந்து தொடங்குவதே புத்தி: 2,392 அடி உயரமுள்ள நீர்ப்பிரிமேடு வரை மெதுவாக ஏறி, அங்கிருந்து கம்பர்லாந்துக்கு நாற்பது கிலோமீட்டர் அளவுக்கு இறக்கம். எதிர்த்திசையில் அந்த நாற்பதையும் ஏறியாக வேண்டும். இந்தப் பாதையில் உள்ள பிக் சாவேஜ் சுரங்கத்தைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

வாஷிங்டனில் பயணம் சரியாக எங்கே முடிகிறது?

பலர் ஜார்ஜ்டவுன் கடைத்தெருவுக்கு வந்ததும் முடிந்தது என்று நிறுத்திவிடுகிறார்கள். பூஜ்ய மைல் கல் அதற்கும் அப்பால், ராக் கிரீக் ஓடை போட்டோமக்கில் சேரும் முனையில், ஒரு படகுக் கூடத்தின் பின்புறம் ஒளிந்திருக்கிறது. ஆற்றிலிருந்து படகுகள் கால்வாய்க்குள் நுழைந்த முதல் லாக்கின் மிச்சமும் அங்கேயே கிடக்கிறது. அறிவிப்புப் பலகை போதாது, படகுக் கூடத்து ஆட்களைக் கேட்டால் கையைக் காட்டுவார்கள். அங்கிருந்து யூனியன் ரயில் நிலையம் சைக்கிளில் அரை மணி நேரத்துக்குள். விமானம் ஏறுபவர்கள் ஜார்ஜ்டவுன் சைக்கிள் கடைகளில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் சைக்கிளைக் கழற்றிப் பெட்டி கட்டித் தருவார்கள். சேற்றை மட்டும் நீங்களே கழுவிக் கொடுத்துவிடுங்கள்.